லாரி இல்லாத கிளீனர்

சங்ககிரியில் கிளீனர் இல்லாத லாரிகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். லாரி இல்லாத கிளீனரை உலகத்திலேயே எங்கள் ஆபீஸில் மட்டும்தான் பார்த்தேன். அவருக்கு ஸ்டெப்னி மாற்றத் தெரியாது. வண்டிக்குப் பின்னால் நின்று தட்டி, "வரட்டும் வரட்டும்" என்று கத்தத் தெரியாது. ஆனால் சுத்தம் என்று வந்துவிட்டால் மேட்டூர் முதல் நாமக்கல் வரை அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கிளீனர் என்று அவருக்குப் பெயர் வைத்தவன் நான்தான். அதற்காக இன்று வெட்கப்படுகிறேன். அவர் விஷயத்தில் நான் வெட்கப்பட வேண்டியவற்றில் அது மிகச் சின்னது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆபீஸ் ஒரு லாரி பாடி கட்டும் பட்டறையின் மாடியில் இருக்கிறது. கீழே அவர்கள் தகரம் அடிப்பார்கள், மேலே நாங்கள் கம்ப்யூட்டர் தட்டுவோம். சத்தம் அவர்களுடையது, தலைவலி எங்களுடையது. கோழிப்பண்ணைக்கு ஒரு பெட்டி செய்கிறோம். ஷெட்டுக்குள் எவ்வளவு சூடு என்று பார்த்து, ஃபேன்களைப் போட்டு அணைக்கிற பெட்டி. அதில் யூ.எஸ்.பி. கேபிளைச் செருகி மறுமுனையை லேப்டாப்பில் செருகினால், அந்தப் பெட்டி தன்னை ஒரு நெட்வொர்க் கார்டு என்று லேப்டாப்பை நம்ப வைக்கும். கணக்கு வழக்கெல்லாம் அந்த வழியாகத் திரைக்கு வந்துவிடும். இப்படிப் பெட்டிக்குள் உட்கார்ந்து வேஷம் கட்டுகிற புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். அதை எழுதியவன் நான்.

உதவிக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று எம்.டி.யிடம் கேட்டேன். அவர் கீழே லாரிகளுக்குப் பெயர் எழுதும் பெயின்டரிடம் ‘டிரைவர் எழுத ஆள் தேவை’ என்று ஒரு போர்டு எழுதித் தரச் சொன்னார். பெயின்டர் மனசாட்சி உள்ள மனிதர். டிரைவரை எழுதுவார்களா, ஓட்டத்தானே செய்வார்கள் என்று யோசித்து, எங்கள் மானத்தைக் காப்பாற்ற ‘எழுத’வை எடுத்துவிட்டார். ‘டிரைவர் தேவை’ என்று எழுதி பக்கத்துக்கொரு கிளி வரைந்துவிட்டார். திங்கட்கிழமை காலை மாடிப்படி முழுக்க ஹெவி லைசென்ஸ்காரர்கள். ஒருவர் படுக்கை, தலையணையோடு வந்திருந்தார். நாக்பூர் லோடு என்றாலும் சரி என்றார்.

அத்தனை பேரையும் சமாதானப்படுத்தி அனுப்பிய பிறகு கடைசியில் ஒருவர் நின்றார். நாற்பது வயதிருக்கும். ஒல்லி உடம்பு, இன் பண்ணிய சட்டை, கையில் டிபன் கேரியர். எனக்கு அதற்குள் எரிச்சல் தலைக்கேறியிருந்தது. "ஹெவி லைசென்ஸ் இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"லைசென்ஸ் ஜி.பி.எல்.லுங்க" என்றார்.

லினக்ஸ் டிரைவர் எழுதுகிறவர்களுக்கு அது ஒரு லைசென்ஸின் பெயர். அந்தப் பெயரைச் சொல்லாத டிரைவரை லினக்ஸின் மூளையான கெர்னலும் போலீஸ்காரர் மாதிரி சந்தேகத்தோடுதான் பார்க்கும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எம்.டி. ஆறு மாத ஒப்பந்தத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டார், வேலை பிடித்திருந்தால் அப்புறம் நிரந்தரம். டிரைவர் சீட்டில் நான் இருக்கிறேன், நீங்கள் கிளீனராக ஏறிக்கொள்ளுங்கள் என்றேன். என்னைவிடப் பத்து வயது மூத்த மனிதர். "செரிங்க டிரைவரே" என்று சிரித்தார். அன்றிலிருந்து அவருடைய சொந்தப் பெயரை யாரும் கேட்கவில்லை.

அவர் சேர்ந்த முதல் நாள் மாலை ஒன்றைக் கவனித்தேன். காலையில் வந்தபோது எனக்கு, அக்கவுன்ட்ஸ் அம்மாவுக்கு, எம்.டி.க்கு என்ற வரிசையில் வணக்கம் சொல்லியிருந்தார். போகும்போது முதலில் எம்.டி.யிடம், அப்புறம் அக்கவுன்ட்ஸ் அம்மாவிடம், கடைசியில் என்னிடம் வந்து "வாரேனுங்க" என்றார். தினமும் இப்படித்தான். டிபன் கேரியரை மேலிருந்து கீழாகப் பிரிப்பார், கீழிருந்து மேலாக அடுக்குவார், அது எல்லோரும் செய்வதுதான். ஆனால் டீக்கடையில் கிளாஸை எடுத்தால், குடித்து முடித்துவிட்டு மேஜையில் அந்த ஈர வட்டத்தின் மேலேயே திருப்பி வைப்பார். வட்டம் காய்ந்திருந்தால் கொஞ்சம் தேடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். நாற்காலியை இழுத்தார், ஃபேனைப் போட்டார், தண்ணீர்ச் சொம்பை வாங்கினார், சாப்பிட்டார். கிளம்பும்போது சொம்பைக் கொடுத்தார், ஃபேனை அணைத்தார், நாற்காலியைப் பழைய இடத்தில் தள்ளினார். அவர் போன பிறகு என் மனைவி கூடத்தையே சுற்றிப் பார்த்துவிட்டு, வந்த தடமே இல்லையே, நிஜமாகவே வந்தாரா என்று கேட்டாள். விருந்தாளி என்றால் அவரைப் போல் இருக்க வேண்டும் என்று என்னைப் பார்த்து இரண்டு முறை சொன்னாள்.

உச்சக்கட்டம் புதுச்சத்திரத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் பெண்ணின் அப்பா, பெரியப்பா, தாய்மாமன் என்று வரிசையாகக் கும்பிட்டார். சாப்பிட்டு முடித்துக் கிளம்பினால் தாய்மாமனைக் காணோம். அவர் ராசிபுரம் வரை எதற்கோ போயிருந்தார். நான் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, பெரியப்பாவிடமும் அப்பாவிடமும் சொல்லிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று கத்தினேன். அவர் அசையவில்லை. ஒன்றரை மணி நேரம் மண்டப வாசலில் நின்றார். அவர் சொன்ன காரணத்தை அப்படியே எழுதுகிறேன்.

"கடைசியா பார்த்தவர்கிட்ட மொதல்ல சொல்லோணுமுங்க. நடுவுல ஒருத்தரை உட்டுட்டுப் போனா அவரு அந்தரத்துல நிப்பாருங்க."

வழி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே வண்டி ஓட்டினேன். ஆனால் அவர் சொன்னதுதான் எங்கள் தொழிலின் மொத்த சாரமும். கேபிளைச் செருகியதும் டிரைவர் கெர்னலிடம் போய் முதலில் கொஞ்சம் மெமரி கேட்கும், அப்புறம் ஒரு பெயர் கேட்கும், மூன்றாவதாக டேட்டா போய்வர ஒரு பாதை கேட்கும். கேபிளைப் பிடுங்கியதும் வாங்கியதையெல்லாம் தலைகீழ் வரிசையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். பாதை முதலில், பெயர் அடுத்து, மெமரி கடைசியில். விசேஷ வீட்டுக்காரன் இரவல் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுப்பது போலத்தான். கொடுக்க மறந்தால் அடுத்த விசேஷத்துக்கு ஊரில் பாத்திரம் இருக்காது.

பிழை கண்டுபிடிப்பதற்கு அவர் கையாண்ட முறையும் விசித்திரம். டிரைவர் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள நாங்கள் அங்கங்கே ஒரு வரி அச்சிடச் சொல்லுவோம். நான் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை எழுதுவேன். அவர் இங்கிலீஷ் எழுத்தில் முழுக் கொங்குத் தமிழ் எழுதுவார். ‘ஏனுங்க, மெமரி கெடைக்குங்களா’ என்று ஒரு வரி. அடுத்த வரி ‘கெடைச்சுதுங்க, சந்தோசமுங்க’. அந்த வரிகள் சேரும் பதிவேடான லாக்கைத் திறந்தால் ஏதோ சம்பந்தம் பேசப் போன இடம் மாதிரி இருக்கும். கெர்னலுக்கு எதற்கு இவ்வளவு மரியாதை என்று கேட்டேன். அது கொடுக்கிற இடத்தில் இருக்கிறது, நாம் வாங்குகிற இடத்தில் இருக்கிறோம் என்றார்.

எம்.டி. ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டார். இரண்டே இரண்டு வரிகளை மட்டும் விட்டுவைக்கக் கெஞ்சி அனுமதி வாங்கினார். கேபிள் செருகியதும் ‘வந்தேனுங்க’. பிடுங்கியதும், எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்த பிறகு ‘வாரேனுங்க’. ஒவ்வொரு வந்தேனுங்கவுக்கும் ஒரு வாரேனுங்க இருந்தால் பெட்டி சுத்தம். இல்லையென்றால் எவனோ சொல்லாமல் கொள்ளாமல் போயிருக்கிறான் என்று அர்த்தம்.

இனி என் யோக்கியதைக்கு வருகிறேன்.

நான் எழுதிய பகுதியில் ஒரு ஓட்டை இருந்தது. மெமரி வாங்கி, பெயர் வாங்கி, மூன்றாவதாகப் பாதை கேட்கும்போது கேபிள் ஆடிவிட்டால் பாதை கிடைக்காது. அப்போது வாங்கிய இரண்டையும் கொடுத்துவிட்டு வெளியே வர வேண்டும். நான் கையை உதறிக்கொண்டு அப்படியே வந்துவிடும்படி எழுதியிருந்தேன். கிளீனர் அதை மூன்றாம் மாதமே பார்த்துவிட்டார். "டிரைவரே, மூணாவதுல முட்டிக்கிச்சுன்னா மொத ரெண்டையும் ஆருங்க திருப்பிக் குடுக்கறது?" என்று என்னிடம் வந்து கேட்டார். மூணாவது முட்டாது என்றேன். அதையே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் திரையின் ஓரத்தில் ஒட்டினார். நான் கிழித்துப் போட்டேன். டிரைவர் சீட்டில் இருக்கிறவனுக்குக் கிளீனர் வழி சொல்வதா என்கிற திமிர், வேறொன்றுமில்லை.

ஆறாவது மாதம், மே. கிளீனரின் நிரந்தர வேலைக்கான ஆர்டரை எம்.டி. சொல்ல நானே டைப் செய்திருந்தேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அந்தக் காகிதத்தை அவர் எவ்வளவு எதிர்பார்த்தார் என்று எனக்குத் தெரியும். பதின்மூன்று வருடம் பெங்களூரில் ரூம் எடுத்து இருந்த மனிதர். மனைவி ஜலகண்டாபுரத்தில் டீச்சர். மகள் பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் வரையச் சொன்னபோது, அப்பாவுக்குப் பக்கத்தில் ‘ஞாயிற்றுக்கிழமை மட்டும்’ என்று எழுதியிருந்தாளாம். அதை எங்களிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். இங்கே வந்த பிறகு அந்தப் படத்தில் அவளே அந்த வரியை அடித்துவிட்டாள் என்று சொன்னபோது மட்டும் சிரிக்கவில்லை.

அந்த வாரம் புதுச்சத்திரம் பக்கம் ஒரு பண்ணையில், வெயில் கொளுத்துகிற மதியத்தில் எங்கள் பெட்டி நின்றுபோனது. ஃபேன்கள் நின்றன. சூப்பர்வைசர் ஓடி வந்து நேரடி ஸ்விட்சைப் போடுவதற்குள் ஒரு வரிசைக் கோழிகள் செத்துவிட்டன. எம்.டி.யும் கிளீனரும் வண்டியெடுத்துக்கொண்டு ஓடினார்கள். லேப்டாப் கேபிளின் முனை லூஸாகி, அதைத் துணி காயப்போடும் கிளிப் மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்களாம். கிளீனர் அங்கிருந்து பெட்டியின் லாக்கை எனக்கு அனுப்பினார். தான் ஷெட்டில் இருப்பதாகவும், கோழிகளுக்குத் தண்ணீர் அடிக்க ஆள் போதவில்லை என்றும், லாக்கை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

பார்த்தேன். வந்தேனுங்க, வாரேனுங்க. வந்தேனுங்க, வாரேனுங்க. அதற்குக் கீழே வந்தேனுங்க, வந்தேனுங்க, வந்தேனுங்க என்று பக்கம் பக்கமாகப் போனது. ஒவ்வொரு தடவை கேபிள் ஆடியபோதும் டிரைவர் உள்ளே போய் இரண்டை வாங்கிக்கொண்டு, மூன்றாவதில் முட்டி, சொல்லாமல் வெளியே வந்திருக்கிறது. மெமரி தீர்ந்து பெட்டி மூர்ச்சையாகிவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் போனவன் நான். எங்கள் ஊரில் ஐந்து வயதுக் குழந்தையிடம் காட்டினாலும் சொல்லிவிடும்.

ஆனால் கேட்டவர் எங்கள் ஊர்க்காரர் இல்லை. எங்கள் பெட்டிகளை மொத்தமாக வாங்கி விற்கிற கம்பெனியின் நிபுணர், புனேக்காரர். அன்று மாலையே வீடியோவில் வந்தார். ஆபீஸில் நான் மட்டும். அவரிடம் இருந்தது லாக் மட்டும்தான், எங்கள் புரோகிராம் இல்லை. முதல் வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். வந்துவிட்டேன் என்று அர்த்தம் என்றேன். இரண்டாவதற்கு?

"கமிங், சார்" என்றேன்.

போகிறேன் என்று சொல்கிற வரி எங்கே என்று கேட்டார். அப்படி ஒரு வரி இல்லை என்றேன்.

இரண்டும் நிஜம்தான் என்பதைப் பாருங்கள். வாரேன் என்றால் வருகிறேன் என்றுதான் அகராதியே சொல்லும். எங்கள் பக்கம் எவனும் வாசலில் நின்று போறேன் என்று சொல்ல மாட்டான், சொன்னால் வீட்டுப் பெண்கள் பதறிப்போவார்கள். போகிறவன் சொல்கிற வார்த்தைதான் வாரேன். இது அந்த மனிதருக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். ஒரு சொல் விளக்கியிருந்தால் போதும். நான் விளக்கவில்லை. அவர் யோசித்துவிட்டு, ஆக வருவது மட்டும் நடக்கிறது, போகும்போது சுத்தம் செய்வது நடக்கவே இல்லை, அந்தப் பகுதி யார் பொறுப்பு என்று கேட்டார். இங்கே கிளீனர் என்று ஒருவர் இருக்கிறார் என்றேன்.

பொய்யே சொல்லாமல் ஒரு மனிதனின் வேலையைப் பறிக்க முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை புனேயிலிருந்து அறிக்கை வந்தது. சுத்தம் செய்யும் பகுதியில் அடிப்படைத் தவறு, அதைக் கவனிப்பவரை மாற்றினால்தான் இனி பெட்டி வாங்குவோம் என்று இருந்தது. எம்.டி. கெட்டவர் அல்ல. அந்தக் கம்பெனியை விட்டால் எங்கள் பெட்டியை வாங்க வேறு ஆளில்லை. கிளீனரை உள்ளே கூப்பிட்டு அரைமணி நேரம் பேசினார். நான் டைப் செய்த ஆர்டர் அவருடைய டிராயரிலேயே இருந்தது.

கிளீனர் வெளியே வந்து, தன் இடத்தில் உட்கார்ந்து லாக்கைத் திறந்தார். நான் அவருக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் விரல் மெதுவாக இறங்கி, மூன்று வந்தேனுங்க சேர்ந்தாற்போல் வரும் இடத்தில் நின்றது. திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். திரும்பவில்லை. கொஞ்ச நேரம் ஏதோ தட்டினார். பிறகு, முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

"டிரைவரே, ஒரு சின்ன வேலை பாக்கி இருந்துச்சுங்க. முடிச்சுட்டனுங்க."

என் பகுதியில் மூன்று வரி சேர்த்திருந்தார். பாதை கிடைக்காவிட்டால் பெயரைக் கொடு, மெமரியைக் கொடு, வாரேனுங்க என்று சொல். மாற்றத்துக்குக் காரணம் எழுத வேண்டிய இடத்தில் யார் பெயரும் இல்லை. அந்தத் துண்டுச் சீட்டில் இருந்த வாக்கியம் மட்டும் இருந்தது. என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு ஒரே ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையை அவர் எம்.டி.யிடம் சொல்லவில்லை என்று அப்போது புரிந்தது.

சனிக்கிழமை அவருக்குக் கடைசி நாள். மறுபடியும் பெங்களூர்தான், ஐந்து மணி பஸ் என்று சொல்லியிருந்தார். சுவரில் காலண்டருக்காகத் தான் அடித்த ஆணியைப் பிடுங்கி, ஓட்டையைச் சுண்ணாம்பு வைத்து அடைத்தார். மேஜையைத் துடைத்தார். அவர் எழுந்து எம்.டி. அறைக்குப் போனதுமே எனக்கு வரிசை புரிந்துவிட்டது. எம்.டி., அக்கவுன்ட்ஸ் அம்மா, அப்புறம் நான். பின்பக்கப் படி வழியாக இறங்கி ஓடினேன். நான்கு மணிக்கு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்தேன். மூன்று டீ குடித்தேன். அந்த பஸ் என் கண்ணெதிரே கிளம்பிப் போனது. நல்லவேளை, ஏறிப் போய்விட்டிருப்பார் என்று நினைத்தேன். அப்படி நினைத்த மனதை எதைக் கொண்டு கழுவுவது என்று இன்னும் தெரியவில்லை.

ஆறு மணிக்குத் திரும்பி வந்தால், கிளிகள் வரைந்த போர்டுக்குக் கீழே, கையில் டிபன் கேரியரோடு நின்றுகொண்டிருந்தார். நான் அந்தரத்தில் நின்றுவிடக் கூடாது என்று நின்றிருக்கிறார். அவர்தான் பேசினார்.

"வாரேன் சாமி."

முதல் தடவையாக டிரைவரே என்று சொல்லவில்லை, மூத்தவர்கள் சின்னவர்களைப் பாசமாகக் கூப்பிடுகிற சாமியைச் சொன்னார். வாரேன் என்பதற்கு எங்கள் பக்கம் ஒரே ஒரு பதில்தான் உண்டு, ‘வாங்க’ என்று. அதைக் கேட்டால்தான் போகிறவருக்குக் கால் நகரும். அவர் அதற்காகக் கொஞ்ச நேரம் நின்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் போனார்.

அதன் பிறகு பெட்டி ஒரு நாளும் நிற்கவில்லை. போன மாதம் புனேக்காரர் என்னைப் பாராட்டி மெயில் அனுப்பினார். எம்.டி. அதை பிரிண்ட் எடுத்து, ஆணி இருந்த அதே சுவரில் ஒட்டியிருக்கிறார். கிளீனரைப் பற்றி இந்தப் பத்திரிகைக்குத் தமாஷாக ஒரு பக்கம் எழுதித் தரலாம் என்றுதான் இந்த வாரம் உட்கார்ந்தேன். எங்கள் எம்.டி. இதை வாரம் தவறாமல் வாங்குகிறவர். சார், அந்தக் காகிதத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். டிராயரில் இன்னொரு காகிதம் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. இரண்டு பேரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால், கிளம்ப வேண்டியவன் நான். முறைப்படி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே கிளம்புகிறேன், பழகிக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்கும் ஏதாவது ஒரு பண்ணையில் யாராவது கேபிளைப் பிடுங்கினால், லாக்கில் அந்த வரி வந்து நிற்கிறது. வாரேனுங்க. ஒவ்வொரு முறையும் அவர் அந்த போர்டுக்குக் கீழே நின்று பதிலுக்குக் காத்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை, இத்தனை பேர் படிக்கும்படி இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

வாங்கண்ணா.